'ஃபயர்ஃபாக்ஸ்' நாவலை முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து மீண்டும் படித்தது பற்றி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1988ஆம் ஆண்டில், மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் 'ஃபயர்ஃபாக்ஸ்' என்ற ஆங்கில நாவலை எட்டு ரூபாய்க்கு வாங்கினேன். அதை 2024இல் மறுபடியும் முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு மாடியில் கூடும் ஏழெட்டுப் பேர் கொண்ட வாசகர் வட்டத்தில் அதைப் பற்றிப் பேசியபோதும், அதன் பிறகும், நண்பர்களும் இளைஞர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்கப்பட்ட வரிசையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது யார் எழுதிய நாவல்? கதை என்ன?

வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த கிரெய்க் தாமஸ் எழுதி 1977இல் வெளிவந்த நாவல் இது. அவர் அதற்கு முன்பு இங்கிலாந்தின் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியவர். சோவியத் யூனியன் மிக்-31 என்ற புதிய போர் விமானத்தை ரகசியமாக உருவாக்கியிருக்கிறது. மேற்கத்திய நாடுகள் அதற்கு வைத்த சங்கேதப் பெயர்தான் ஃபயர்ஃபாக்ஸ். அது ஒலியைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகமான வேகத்தில் பறக்கும், ராடாரில் தெரியாது, அதன் ஆயுதங்கள் விமானியின் எண்ணத்தாலேயே இயங்கும். அதற்கு ஈடான ஒன்றைத் தங்களால் உரிய காலத்தில் உருவாக்க முடியாது என்று கண்ட பிரிட்டனும் அமெரிக்காவும் அதைத் திருடிவரத் திட்டமிடுகின்றன. வியட்நாம் போரில் மனம் சிதைந்த மிட்செல் காண்ட் என்னும் அமெரிக்க விமானி போலி அடையாளத்தோடு மாஸ்கோவுக்குள் நுழைந்து, பில்யார்ஸ்க் என்ற ஊரில் உள்ள ரகசியத் தளத்தை அடைந்து, விமானத்தைக் கிளப்பிக்கொண்டு வர வேண்டும். நாவல் இரண்டு பாகங்களாக அமைந்தது. முதல் பாகம் திருட்டைப் பற்றியது. இரண்டாம் பாகம் பறத்தலைப் பற்றியது.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு எதற்காக மீண்டும் படித்தீர்கள்?

தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில், பழைய ஆங்கிலப் புத்தகங்களைக் குவித்து வைத்திருந்த ஓர் அரங்கில், இதே நாவலின் வேறொரு பதிப்பைக் கண்டேன். என்னிடம் ஏற்கெனவே ஒரு பிரதி இருந்தும் அதை வாங்கியதற்குக் காரணம் உண்டு. 1988இல் நான் வாங்கிய பிரதி முதுகுப் பசை விட்டுப்போனது. அதன் நடுவில் பன்னிரண்டு தாள்கள், அதாவது இருபத்துநான்கு பக்கங்கள், எனக்கு முன்பே யார் கையிலோ உதிர்ந்துபோயிருந்தன. இருபது வயதில் அதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. ஒரு பக்கத்தில் காண்ட் விமானத் தளத்துக்குள் இருக்கிறான். அடுத்து என் கையிலிருந்த பக்கத்தில் விமானம் ஓடுபாதையில் ஓடுகிறது. நடுவில் என்ன நடந்திருக்கும் என்பதை நானே ஊகித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் மேலே படித்துப் போய்விட்டேன்.

புதிதாக வாங்கிய பிரதியில் முதன்முதலாக அந்த இருபத்துநான்கு பக்கங்களைத்தான் தேடிப் படித்தேன். அந்தப் பக்கங்களில், காண்ட்டுக்கு உதவிய மூன்று மனிதர்கள், அவன் விமானத்தில் ஏறுவதற்கான சில நிமிடங்களைச் சம்பாதித்துக் கொடுப்பதற்காக, இரண்டாவது மாதிரி விமானத்துக்குத் தீ வைத்துவிட்டுச் சுடப்பட்டுச் சாகிறார்கள். முப்பத்தாறு ஆண்டுகளாக அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. தெரியவில்லையே என்ற எண்ணமும் ஒரு நாளும் எழுந்ததில்லை. அன்று இரவு புத்தகத்தை மூடிவிட்டு, மறுநாள் காலையில் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

முதல் வாசிப்பில் எது உங்களை ஈர்த்தது?

விமானம், விமானம் மட்டுமே. சிவகாசியிலிருந்து வந்துகொண்டிருந்த முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அங்கிருந்து ஆங்கிலச் சாகச நாவலுக்குத் தாவுவது எனக்குப் பெரிய வளர்ச்சியாகத் தோன்றியது. பழைய பிரதியைப் புரட்டினால், பக்க ஓரங்களில் பென்சிலால் நான் எழுதிய அர்த்தங்கள் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. லிஃப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பக்கம் என்ற கணக்கில் படித்தேன். அந்தப் பென்சில் குறிப்புகள் இரண்டாம் பாகத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. முதல் பாகத்தில், மாஸ்கோத் தெருக்களும் சுரங்க ரயில் நிலையமும் வரும் பக்கங்களில், ஏறக்குறைய எதுவுமே இல்லை. புரியாத சொற்களை அங்கே அப்படியே தாண்டிப் போயிருக்கிறேன் என்பதற்கு அந்த வெற்று ஓரங்களே சாட்சி.

கடைசி அட்டையின் உள்பக்கத்தில் ஒரு கணக்கும் இருக்கிறது. உயரத்தில், குளிர்ந்த காற்றில், ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர். அதில் ஐந்து மடங்கு என்றால் 5,300 கிலோமீட்டர். மதுரைக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர் என்றால், ஃபயர்ஃபாக்ஸுக்கு அந்தத் தொலைவைக் கடக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. நாவல் வெளிவந்த அதே 1977இல், ஆகஸ்ட் 15 அன்று ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ்ஸில் ஏறி ஏழு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்து சென்னைக்குப் போய்வந்த ஒருவனுக்கு, அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு பெரிய கனவாக இருந்திருக்கும் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது கடினம்.

அப்படி ஒரு விமானம் உண்மையில் இருந்ததா?

கதையில் வரும் விமானம் இருந்ததில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த அச்சம் உண்மையானது. 1970களின் தொடக்கத்தில் மேற்கத்திய நாடுகளை மிகவும் கலங்க வைத்த சோவியத் விமானம் மிக்-25. அது ஒலியைப் போல் மூன்று மடங்கை நெருங்கும் வேகத்தில் பறந்தது. 1976 செப்டம்பர் 6 அன்று, அதாவது நாவல் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில், விக்தர் பெலென்கோ என்ற சோவியத் விமானி தம் மிக்-25ஐ ஜப்பானின் ஹக்கோடாத்தே பயணிகள் விமான நிலையத்தில் கொண்டுவந்து இறக்கி அடைக்கலம் கேட்டார். விமானம் ஓடுபாதையின் எல்லையைத் தாண்டி ஓடித்தான் நின்றது. அமெரிக்க, ஜப்பானிய வல்லுநர்கள் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். பின்னர் அது பெட்டிகளில் அடைத்துத் திருப்பி அனுப்பப்பட்டது. டைட்டானியத்தால் ஆன அதிசயத்தை எதிர்பார்த்தவர்கள், பெரும்பகுதி நிக்கல் கலந்த எஃகினால் ஆன கனத்த விமானத்தையும், வெற்றிடக் குழாய்களால் இயங்கிய மிக வலுவான ராடாரையும் கண்டார்கள். வேகமாக நேர்கோட்டில் பாய்வதற்கென்றே செய்யப்பட்ட விமானம் அது; மேற்கு அஞ்சியதைப் போல எல்லாப் போர்க்கலையும் அறிந்த மாயப் பறவையாக அது இல்லை.

அதற்கும் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1966 ஆகஸ்ட் மாதத்தில், முனிர் ரெட்ஃபா என்ற ஈராக்கிய விமானி ஒரு மிக்-21ஐ இஸ்ரேலுக்கு ஓட்டிச் சென்றிருந்தார். அதற்கு ஏற்பாடு செய்தது இஸ்ரேலின் உளவுத் துறை. ஆகவே ஒரு போர் விமானத்தை விமானியின் மூலமாகவே கடத்திவருவது என்ற கரு வெறும் கற்பனை அன்று.

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. இந்திய விமானப் படை 1981இல் மிக்-25இன் வேவு பார்க்கும் வகையை வாங்கிப் பரேலியில் நிறுத்தி, 2006 வரை பயன்படுத்தியது. நான் சிம்மக்கல்லில் மாடிப்படியில் உட்கார்ந்து இந்த நாவலை வாயைப் பிளந்தபடி படித்துக்கொண்டிருந்த நாளில், அதன் உண்மையான மூத்த உடன்பிறப்புகள் நம் நாட்டின் வானத்தில், அதிகம் பேசப்படாமல், பறந்துகொண்டிருந்தன.

மிக்-31 என்ற பெயரில் பின்னாளில் ஓர் உண்மை விமானம் வந்ததே?

வந்தது. அதன் மூல மாதிரி 1975இலேயே பறந்துவிட்டது. 1981இல் படையில் சேர்ந்தது. மிக்-25இலிருந்து வளர்ந்த, இருவர் அமர்ந்து ஓட்டும் இடைமறிப்பு விமானம் அது. பெயரைத் தவிர நாவலின் விமானத்துக்கும் அதற்கும் தொடர்பு ஏதும் இல்லை.

ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகம் சாத்தியமா?

ராக்கெட் விமானம் அதைச் செய்திருக்கிறது. 1967 அக்டோபர் 3 அன்று அமெரிக்காவின் எக்ஸ்-15 விமானம் ஒலியைப் போல் 6.7 மடங்கு வேகத்தைத் தொட்டது. ஆனால் அது தானாகத் தரையிலிருந்து எழுந்த விமானம் அன்று. பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றின் இறக்கையில் தொங்கிச் சென்று, உயரத்தில் விடுவிக்கப்பட்டு, ஒன்றிரண்டு நிமிடங்களே ராக்கெட்டை எரித்தது. ஓடுபாதையிலிருந்து கிளம்பி, ஜெட் இயந்திரத்தால் நெடுநேரம் அந்த வேகத்தில் பறப்பதற்கு முதல் தடை வெப்பம். ஐந்து மடங்கு வேகத்தில் விமானத்தின் மூக்கில் மோதித் தேங்கும் காற்று, கணக்குப்படி சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். இந்த விவரம் இருபது வயதில் தெரிந்திருந்தால் நாவலின்மீது எனக்குக் கோபம் வந்திருக்கும். இப்போது அப்படி வரவில்லை. அந்த வேகம் கதைக்குத் தேவைப்பட்ட ஒரு கெடு. காண்ட் எங்கே இருக்கிறான் என்பதைத் துரத்துபவர்கள் கண்டுபிடிப்பதற்குள் அவன் வேறெங்கோ இருக்க வேண்டும் என்பதற்காக ஆசிரியர் வைத்த எண் அது.

ராடாருக்குத் தெரியாத விமானம் பற்றி?

இந்தக் கேள்வியை எனக்கு மிகவும் பிடித்த கேள்வி என்றே சொல்வேன், ஏனென்றால் இங்கே வரலாறு நாவலைவிடச் சுவையானது. நாவலில் இந்தக் கண்டுபிடிப்பு சோவியத் அறிவியலாளர்களுடையது. அமெரிக்கர்கள் அதைத் திருடுகிறார்கள். உண்மையில், ராடார் அலைகள் ஒரு பொருளின் விளிம்புகளில் பட்டு எப்படிச் சிதறும் என்பதைக் கணக்கிடும் முறையைப் பியோதர் உஃபிம்த்செவ் என்ற சோவியத் இயற்பியலாளர் 1962இல் மாஸ்கோவில் வெளிப்படையாகவே நூலாக வெளியிட்டார். அங்கே அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க விமானப் படை 1971இல் அதை மொழிபெயர்த்தது. லாக்ஹீட் நிறுவனத்தின் பொறியாளர்கள் அந்தச் சமன்பாடுகளைக் கணினியில் ஏற்றி, வைரக்கல்லைப் போலப் பட்டை பட்டையாக வெட்டிய உருவம் கொண்ட ஒரு விமானத்தை வடிவமைத்தார்கள். அதன் முதல் மாதிரி பறந்தது 1977 டிசம்பர் 1 அன்று. அதாவது இந்த நாவல் கடைகளுக்கு வந்த அதே ஆண்டில், அமெரிக்கப் பாலைவனம் ஒன்றில், சோவியத் மனிதர் ஒருவரின் அறிவிலிருந்து பிறந்த விமானம் உலகுக்குத் தெரியாமல் எழுந்து பறந்தது. அதிலிருந்து உருவான எஃப்-117 விமானத்தின் மங்கலான படத்தை அமெரிக்கா முதன்முதலாக வெளியிட்டது 1988 நவம்பரில். என் முதல் வாசிப்பு முடிந்த சில மாதங்களில் அந்தப் படத்தைச் செய்தித்தாளில் பார்த்தது நினைவிருக்கிறது. அதைக் கத்தரித்து அந்தப் புத்தகத்துக்குள்தான் வைத்தேன்.

நாவலின் விமானி தப்பும் வழிகளை நம்ப முடியவில்லை என்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். 1987 மே 28 அன்று, மத்தியாஸ் ருஸ்ட் என்ற பதினெட்டு வயது மேற்கு ஜெர்மன் இளைஞன், ஹெல்சிங்கியிலிருந்து ஒரு சாதாரணச் சிறிய செஸ்னா விமானத்தை ஓட்டிச் சென்று, மாஸ்கோவின் செஞ்சதுக்கத்துக்கு அருகில் இறக்கினான். சோவியத் வான் பாதுகாப்பின் ராடார்கள் அவனைக் கண்டிருந்தும் யாரும் தடுக்கவில்லை. எந்த நாவலாசிரியரும் எழுதத் துணியாத காட்சி அது.

எண்ணத்தால் ஆயுதத்தை இயக்குவது?

மூளையின் மின்னலைகளைக் கொண்டு கணினியை இயக்குவது பற்றிய ஆய்வுக் கட்டுரை 1973இலேயே கலிபோர்னியாவில் வெளிவந்துவிட்டது. 2004இல், உடல் செயலிழந்த ஒருவர் தம் மூளையில் பொருத்தப்பட்ட உணர்விகளின் உதவியால் கணினித் திரையின் சுட்டியை நகர்த்தினார். போர் விமானத்தில் இன்றுவரை நடைமுறைக்கு வந்திருப்பது தலைக்கவசக் குறிநோக்கி மட்டுமே. விமானி தலையைத் திருப்பி இலக்கைப் பார்த்தால் ஏவுகணையின் கண்ணும் அங்கே திரும்பும். 1987இல் இந்தியாவுக்கு வந்த மிக்-29 விமானத்திலேயே அந்த வசதி இருந்தது.

ஆனால் இந்தக் கேள்வி என்னைத் தொடுவது வேறிடத்தில். 1982இல் வந்த திரைப்படத்தில், அந்த ஆயுதங்களை இயக்க வேண்டுமானால் விமானி ரஷ்ய மொழியிலேயே சிந்திக்க வேண்டும் என்பது முக்கியமான நெருக்கடியாக வரும். ஆங்கிலத்தில் நினைத்தால் எதுவும் நடக்காது. ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் படித்து, அதை மனத்துக்குள் தமிழாக்கி, அதன் பிறகே பயப்படவும் மகிழவும் முடிந்த ஒரு வாசகனாக நான் இருந்தேன். இரண்டாவது வாசிப்பில் அந்த இடைவெளி இல்லை. பயம் நேராக வந்தது. வேறொரு மொழியில் நினைப்பது என்பது எத்தனை ஆண்டு உழைப்பு என்பதைக் காண்ட்டின் தவிப்பைப் பார்க்கும்போது என் உடலே அறிந்தது.

விமானம் கிளம்புவதற்கே பாதிப் புத்தகம் ஆகிவிடுகிறதே, முதல் பாதி இழுவை இல்லையா?

இப்படித்தான் என் அக்கா மகளும் கேட்டாள். "மாமா, பிளேன் எப்போதான் வரும்?" என்று நூறாவது பக்கத்தில் புத்தகத்தை நீட்டினாள். அவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இந்த நாவலின் உயிர் அந்த முதல் பாதியில்தான் இருக்கிறது என்பது என் இன்றைய தீர்ப்பு. ஒரு மனிதனை மாஸ்கோ விமான நிலையத்திலிருந்து பில்யார்ஸ்க் கொட்டகை வரை கொண்டுசேர்ப்பதற்கு எத்தனை உயிர்கள் செலவாகின்றன என்று பாருங்கள். காண்ட் முதலில் சுமந்துவரும் போலி அடையாளத்தை முடித்துவைக்க ஒரு பிணம் வேண்டும். அதற்காக, மாஸ்க்வா ஆற்றங்கரையில், காண்ட்டின் கண் முன்னாலேயே ஒரு மனிதனை முகம் தெரியாதபடி அடித்துக் கொல்கிறார்கள். கொல்பவர்கள் கதையின் நல்லவர்கள். சரக்கு வண்டியில் அவனை ஏற்றிச் செல்லும் பாவெல் கடைசியில் பிழைப்பதில்லை. பாவெலின் மனைவி யூதர். 1968இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்ததை எதிர்த்ததற்காகச் சிறையில் இருப்பவர். அப்படிப்பட்ட எதிர்ப்பு உண்மையாகவே நடந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று செஞ்சதுக்கத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து பதாகைகளை விரித்தார்கள். சில நிமிடங்களுக்குள் இழுத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறைக்கும், உள்நாட்டிலேயே தொலைதூர ஊர்களுக்கும், மனநல மருத்துவமனைக்கும் அனுப்பப்பட்டார்கள். நாடகத்துக்காகச் சேர்த்த பின்கதை என்று நான் இருபது வயதில் தாண்டிப்போன அந்த இரண்டு வரிக்குப் பின்னால் எட்டு மனிதர்களின் வாழ்க்கை இருந்தது.

பில்யார்ஸ்கில் பரனோவிச், செமெலோவ்ஸ்கி, கிரெஷின் ஆகிய மூவரும் அந்த விமானத் திட்டத்திலேயே வேலை செய்பவர்கள். விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் தாங்கள் சாகப்போவது அவர்களுக்குத் தெரியும். உளவுத் துறைக் காவல் தங்களைச் சுற்றி இறுகிக்கொண்டிருப்பதும் தெரியும். பரனோவிச், காண்ட்டுக்கு விமானத்தைப் பற்றி விளக்கிச் சொல்லும் காட்சியை நான் மூன்று முறை படித்தேன். ஓர் ஆசிரியர் தேர்வுக்கு முந்தைய இரவில் மாணவனுக்குச் சொல்லிக் கொடுப்பதைப் போல, பொறுமையாக, ஒன்றும் விடாமல் அவர் சொல்கிறார். தாம் உருவாக்கிய பொருளைத் தாமே இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டுச் சாகப்போகிற மனிதர் அவர். காண்ட்டுக்கு அவர்களைப் புரிவதே இல்லை. அவனுடைய மனத்தில் இருப்பது விமானம் மட்டும்தான். இங்கேதான் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்தக் காண்ட், இருபத்துநான்கு பக்கம் இல்லாத பிரதியைக் குறையின்றிப் படித்து முடித்த நான்தான்.

காண்ட் ஒரு நாயகனா?

திறமைசாலி; நாயகன் என்று சொல்லத் தயங்குகிறேன். வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு, தீயில் எரியும் ஒரு சிறுமியைப் பார்த்த காட்சி அவனைத் திரும்பத் திரும்ப வந்து தாக்குகிறது, கை நடுங்குகிறது, மிக முக்கியமான கணத்தில் உடல் செயலற்றுப் போகிறது. அந்த நிலைக்கு அமெரிக்க மனநல மருத்துவம் ஒரு தனிப் பெயரைத் தன் கையேட்டில் சேர்த்தது 1980இல்தான். நாவல் அதற்கு மூன்று ஆண்டு முந்தியது. முதல் வாசிப்பில் அந்த நடுக்கங்கள் வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது. அவனைக் கோழை என்று நினைத்தேன். இந்த முறை அவனை அனுப்பிவைத்த மேலதிகாரிகள்மீதுதான் எரிச்சல் வந்தது.

சோவியத் நாட்டைத் தவறாகச் சித்திரிக்கிறது என்று சொல்கிறார்களே?

எங்கள் வட்டத்தில் மிகவும் சூடாக விவாதிக்கப்பட்டது இதுதான், அதற்கு மதுரைக்கே உரிய காரணமும் உண்டு. என் வயதுக்காரர்கள் பலருக்கும் சோவியத் நாடு என்பது நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் சில ரூபாய்க்குக் கிடைத்த, கெட்டி அட்டையும் வண்ணப் படங்களும் கொண்ட மாஸ்கோ பதிப்பு நூல்கள். தமிழில் வந்த ரஷ்யச் சிறுகதைகள். 1971 ஆகஸ்டில் கையெழுத்தான நட்புறவு ஒப்பந்தம். 1963இல் வந்து 2025 செப்டம்பரில்தான் ஓய்வுபெற்ற நம் மிக்-21 விமானங்கள். நான் இந்த நாவலை வாங்கிய அதே வாரத்தில் நியூ செஞ்சுரியிலிருந்து ஒரு ரஷ்ய இயற்பியல் நூலையும் வாங்கியிருந்தேன். இரண்டும் ஒரே அலமாரியில், ஒன்றோடொன்று பேசாமல், அடுத்தடுத்து நின்றன.

நாவலில் ஒருசார்பு இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். உளவுத் துறை அதிகாரிகளில் சிலர் ஒரே அச்சில் வார்த்தவர்கள். ஆனால் விமானப் படைத் தளபதி விளாதிமிரோவை ஆசிரியர் மரியாதையோடு எழுதியிருக்கிறார். அரசியல் தலைவர்கள் தம்முடைய கௌரவத்தைப் பற்றிக் கவலைப்படும்போது, அவர் ஒருவர்தான் வரைபடத்தைப் பார்த்து, துருவப் பனியில் காண்ட்டுக்கு எரிபொருள் நிரப்பக் காத்திருப்பவர் யாராக இருக்கும் என்று சிந்திக்கிறார். அவர் சொல்வதை உரிய நேரத்தில் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சிந்திக்கத் தெரிந்தவன் தனக்கு மேலே இருப்பவனின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய நிலை எந்த நாட்டு அலுவலகத்திலும் உண்டு. முப்பது ஆண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு விளாதிமிரோவின் மௌனங்கள் நன்றாகவே கேட்டன.

யூதர்களின் நிலையைப் பற்றி எழுதியதும் மிகை அன்று. சோவியத் நாட்டை விட்டு வெளியேற அனுமதி மறுக்கப்பட்ட யூதர்களுக்காகக் குரல் கொடுத்த அனத்தோலி ஷரான்ஸ்கி கைதுசெய்யப்பட்டது, இந்த நாவல் வந்த 1977ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில். அவர் விடுதலையானது 1986இல்.

மறுவாசிப்பில் ஏமாற்றம் ஏதும் இல்லையா?

உண்டு. பெண்களுக்குக் கதையில் ஏறக்குறைய இடமே இல்லை. லண்டனில் திட்டம் தீட்டும் ஆப்ரியும் அவருடைய சகாக்களும் பேசும் பகுதிகள் சில இடங்களில் சலிக்கின்றன. முன்பு நான் வரி வரியாக ரசித்த விமானச் சண்டை இப்போது வேகமாகக் கடந்துபோயிற்று. ஆனால் பனிப்பாளக் காட்சி சற்றும் பழையதாகவில்லை. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கும் விமானம் மிதக்கும் பனிப்பாளம் ஒன்றில் இறங்குகிறது. பனியை உடைத்துக்கொண்டு அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் மேலே வருகிறது. மாலுமிகள் குளிரில் குழாயை இழுத்துவந்து எரிபொருளை நிரப்புகிறார்கள். அதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. கைகளின் உழைப்பு மட்டுமே இருக்கிறது.

திரைப்படத்தை முதலில் பார்க்கலாமா?

புத்தகம் முதலில். கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்த படம். மாஸ்கோவுக்குப் பதிலாக வியன்னாவில் எடுத்தார்கள். விமானம் பறக்கும் காட்சிகள் நன்றாக இருக்கும். விஞ்ஞானிகளுக்கு அதில் கிடைக்கும் நேரம் குறைவு.

தொடர்ச்சி உண்டா?

'ஃபயர்ஃபாக்ஸ் டவுன்' 1983இல் வந்தது. முதல் நாவல் முடிந்த நிமிடத்திலேயே தொடங்குகிறது.

மதுரையில் இந்தப் புத்தகம் கிடைக்குமா?

தமுக்கம் புத்தகத் திருவிழாவின் பழைய நூல் அரங்குகளிலும், டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்துக் கடைகளிலும் பொறுமையாகத் தேடலாம். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் ஆங்கிலப் பகுதியிலும் கேட்டுப் பாருங்கள். பழைய பிரதியை வாங்குவதானால், முதுகை இரண்டு விரலால் பிடித்து லேசாக அழுத்தி, பசை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பக்க எண்களை நடுவிலும் ஒரு முறை தொடர்ச்சியாகப் புரட்டிச் சரிபாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதினாறு வயதுக்கு மேல் கொடுக்கலாம். ஆற்றங்கரைக் கொலையும் வியட்நாம் நினைவுகளும் அதற்குக் குறைந்த வயதுக்கு ஏற்றவை அல்ல.

பழைய பிரதியை என்ன செய்தீர்கள்?

வைத்திருக்கிறேன். புதிய பிரதியிலிருந்து அந்த இருபத்துநான்கு பக்கங்களையும், மேலமாசி வீதியில் ஒரு கடையில் ஜெராக்ஸ் எடுத்து, பழைய பிரதியின் அளவுக்கு வெட்டி, உரிய இடத்தில் செருகினேன். இரண்டு பதிப்புகளின் பக்க அமைப்பும் ஒன்றல்ல என்பதால், தொடக்கத்திலும் முடிவிலும் சில வரிகள் இருமுறை வருகின்றன. அவற்றை அடிக்காமல் விட்டுவிட்டேன். காவி நிறமாகிப்போன தாள்களுக்கு நடுவே அந்த வெள்ளைத் தாள்கள் துருத்திக்கொண்டு தெரிகின்றன; புத்தகம் இப்போது முழுவதும் மூடுவதில்லை. அதனால் ஒரு நூல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன். அக்கா மகள் மீதியைப் படிக்கக் கேட்டபோது அந்தப் பிரதியைத்தான் கொடுத்தேன். வெள்ளைத் தாள்கள் முடியும் இடத்தில் அவளுடைய பேருந்துப் பயணச்சீட்டு ஒன்று செருகியிருக்கிறது. அதற்கு மேல் அவள் இன்னும் போகவில்லை.